பின் சில்லு தள்ளும் காருக்கு நாலு ரயர்

ஒன்ராறியோவில் வின்ரர் ரயர் போட்டே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. பக்கத்துக் கியூபெக்கில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். இங்கே 2016 முதல் காப்புறுதிக் கொம்பனிகள் ஒரு கழிவு தரவேண்டும், அவ்வளவுதான். மிச்சம் அவரவர் புத்தி.

என் பேரன் கோடையில் ஒரு பாவித்த மஸ்ராங் ஜிரி வாங்கினான். எட்டு சிலிண்டர் எஞ்சின், பின் சில்லுகள் தள்ளுகிற கார். வேலை பாரியில். விடிய ஐந்து மணிக்கு ஸ்காபரோவிலிருந்து வெளிக்கிட்டு 400ஆம் நெடுஞ்சாலையால் போகிறவன். ஜோர்ஜியன் குடாப் பக்கமிருந்து வரும் பனிச்சூறை அந்த வீதியைக் கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் திரையால் மூடிவிடும். ஒக்ரோபரில் வந்து கேட்டான்:

"அப்பப்பா, தள்ளுறது பின் சில்லுதானே. பின்னுக்கு மட்டும் ரெண்டு வின்ரர் ரயர் போட்டாக் காணாதோ?"

மாதாமாதம் கார்க்காசு கட்டுகிற பிள்ளை. கேட்டது நியாயம்தான். ஆனாலும் காணாது என்றேன்.

நான் ரக்சி ஓடிய காலத்தில் எங்களில் பலரிடம் இருந்தது போர்ட் கிரவுண் விக்ரோரியா. அதுவும் பின் சில்லு தள்ளுகிற கார்தான். மாரி வந்தால் பின்பெட்டிக்குள் மணல் மூட்டை ஏற்றுவோம். மூட்டை கார் புறப்பட உதவும். நிற்பாட்டும்போது அந்தப் பாரத்தையும் சேர்த்தல்லவா நிற்பாட்ட வேண்டும்! என்னோடு ஓடிய ஒருவர் பின்னுக்கு மட்டும் இரண்டு நல்ல ஸ்னோ ரயர் போட்டிருந்தார். பாதர்ஸ்ற் வீதியில் சென்கிளயரிலிருந்து டவன்போர்ட் பக்கம் இறங்கும் சரிவு உங்களுக்குத் தெரியும். அந்த இறக்கத்தில் ஸ்ரியறிங்கை முழுதாக ஒடித்தும் கார் நேரே போனது. முன் சில்லுகள் திரும்பியபடியே வழுக்கின. குறுக்கே ஒருவரும் வரவில்லை என்பதால் தப்பினார். பிரேக் பிடித்ததும் காரின் பாரம் முன்னுக்கு வரும்; நிற்பதும் திரும்புவதும் பெரும்பாலும் முன் ரயரின் கையில்தான். இன்றைய கார்களில் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சாதனங்கள் உண்டு. ஆனால் ரயரில் இல்லாத பிடிப்பை அவை எங்கிருந்து கொண்டுவரும்?

அவன் காரில் இருந்தவையோ கோடைகால ரயர்கள். 7 பாகைக்குக் கீழே அந்த ரப்பர் இறுகத் தொடங்கும். உறைகுளிரில் ஓடினால் வெடிப்பு விழலாம் என்று செய்கிறவர்களே எச்சரிக்கிறார்கள்.

அடுத்த வாக்குவாதம், எந்த வகை என்பதில். வேகக் கார்களுக்கென்று ஒரு வின்ரர் ரயர் உண்டு. காய்ந்த வீதியில் இறுக்கமாகத் திரும்பும். மற்றது ஐஸில் பிடிக்கவென்றே மென்மையாகச் செய்தது. அவனுக்கு முதலாவதில் ஆசை. நகருக்குள் உப்புப் போட்டு வழித்த வீதியில் மட்டும் ஓடுகிறவனுக்கு அது சரி. வழிக்கும் வண்டி வருமுன்னே ஓடுகிறவனுக்கு மென்மையானதுதான். "அதின்ரை ஸ்பீட் ரேற்றிங் ரி தானே" என்று இழுத்தான். ரி என்றால் மணிக்கு 190 கிலோமீற்றர். 100 எல்லை போட்ட வீதியில் அது காணாது என்கிறவனோடு நான் என்ன பேச?

எதை வாங்கினாலும் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனிப்பூவும் இருக்கிறதா என்று பாருங்கள். எம், எஸ் என்ற எழுத்துகள் மட்டும் போதாது.

அளவில்தான் கன நேரம் போனது. அவன் காருக்கு முன்னுக்கு 255, பின்னுக்கு 275 மில்லிமீற்றர் அகலம், 19 அங்குல ரிம். அகன்ற ரயர் ஸ்னோவின் மேல் ஏறி மிதக்கப் பார்க்கும். ஒடுங்கியது வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். அதனால் நாலுக்கும் ஒரே அளவாக 235/50, 18 அங்குல ரிம்மில் என்று முடிவெடுத்தோம். மொத்த உயரம் ஏறத்தாழ ஒன்றுதான். முன்பின் மாற்றியும் போடலாம். ஆனால் அந்தக் காரின் பிரேக் பெரிது. எல்லா 18 அங்குல ரிம்மும் அதைத் தாண்டி உட்காராது. கடைக்காரர் ஒரு ரிம்மை மாட்டிச் சுற்றிக் காட்டிய பிறகே காசைக் கொடுக்கச் சொன்னேன்.

காசு என்றதும் அவன் முகம் மாறியது. மனுசி குசினியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தவ.

"முன்னுக்குப் போடுற ரெண்டுக்கும் நாங்கள் குடுக்கிறம் எண்டு சொல்லுங்கோ. பின்னுக்கு அவன் போடட்டும்."

நவம்பர் நடுவில் பூட்டியாயிற்று. 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளைத் திரும்ப இறுக்க வேண்டும். அதற்கு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். முறுக்குவிசை பார்க்கும் சாவி என்னிடம்தான் இருக்கிறது.