விலைபோனவர்

2025 ஜூனில் பில்லி பாஸ்டன் என்ற 90 வயதுக் கிழவருக்கு இங்கிலாந்து அரசர் 'சர்' பட்டம் கொடுத்தார். ரக்பி லீக் ஆட்டக்காரர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை. அந்த ஆட்டம் தனியாகப் பிரிந்து அப்போது 130 வருஷம் ஆகியிருந்தது. ரக்பியின் இன்னொரு கிளையான யூனியனில் 'சர்'கள் பலர் உண்டு. வித்தியாசத்துக்குக் காரணம் ஆட்டத்தில் இல்லை, கூலியில் இருக்கிறது. எனக்கு ரக்பி தெரியாது. கூலி விஷயம் கொஞ்சம் தெரியும். இதை எழுதுவது அதனால்தான்.

போன நூற்றாண்டுக்கு முந்தியதன் கடைசியில், இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயரிலும் லங்காஷயரிலும் ரக்பி ஆடியவர்களில் பெரும்பாலோர் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றையக் கூலி போயிற்று. இழந்த கூலியை மட்டுமாவது ஈடுகட்ட வேண்டும் என்று வடக்கத்திக் கிளப்புகள் கேட்டன. 1893இல் லண்டன் கூட்டத்தில் 282க்கு 136 என்று அது தோற்றது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டில், ஜார்ஜ் ஹோட்டலில் கூடி அவை பிரிந்து போயின. பிரிந்ததும் தங்கள் ஆட்டக்காரர்களுக்கு அனுமதித்த ஈடு நாளுக்கு 6 ஷில்லிங். அதற்காக ஒரு ஆட்டம் இரண்டாயிற்று. அதன் பிறகு லீக்கில் ஆடியவன் ஆயுளுக்கும் யூனியனுக்கு ஆகாதவன். பணம் தொட்டவன் தீட்டு. ஆட்டத்தை ஆட்டத்துக்காகவே ஆட வேண்டும் என்பது உன்னதமான கொள்கைதான். ஆனால் அதைச் சொன்ன கனவான்களுக்குச் சனிக்கிழமைக் கூலி என்று ஒன்று கிடையாது.

பாஸ்டன் 1934இல் வேல்ஸில், கார்டிஃப் துறைமுகத்தை ஒட்டிய டைகர் பேயில் பிறந்தார். அப்பா சியரா லியோன்காரர். அம்மா ஐரிஷ் வழியில் வந்தவர். கார்டிஃப் கிளப்புக்கு ஆட வேண்டும், வேல்ஸ் நாட்டுக்கு ஆட வேண்டும் என்பது பையனின் ஆசை. இரண்டும் யூனியன். கிளப்பின் மைதானம் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். கூப்பிடத்தான் யாரும் வரவில்லை. வேல்ஸின் யூனியன் அணியில் ஒரு கறுப்பர் ஆட 1980கள் வர வேண்டியிருந்தது.

வந்தவர்கள் வடக்கே விகன் ஊரின் லீக் கிளப்பார். அது 1953. பாஸ்டன் பின்னால் சொல்லிய கதை இது. அவர்கள் நோட்டுகளை மேஜைமேல் பரப்பினார்கள். பையனுக்குப் போக மனமில்லை. இவர்களை நான் விரட்டுகிறேன் பார் என்று அம்மா, யாரும் தர மாட்டார்கள் என்ற நம்பிக்கையில், 3,000 பவுண்டு கேட்டாள். தந்துவிட்டார்கள். கேட்ட வாய்க்குக் கட்டுப்பட்டுப் பையன் கையெழுத்துப் போட்டான். 'வடக்கே போனவன்' என்று வேல்ஸில் இவர்களுக்குப் பெயர். போனவன் என்றால் திரும்ப முடியாதவன்.

மற்றது கணக்கு. விகனின் முதல் அணியில் ஆறே ஆட்டம் ஆடியிருந்தபோது, 1954இல், பிரிட்டிஷ் அணியோடு ஆஸ்திரேலியாவுக்கும் நியூஸிலாந்துக்கும் அழைத்துப் போனார்கள். வயது 19. அந்தப் பயணத்தின் 18 ஆட்டங்களில் 36 டிரை. எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் ஒரு டிரை. விகனுக்காக 488 ஆட்டங்களில் 478. மொத்தம் 571. அவருக்கு மேலே பிரையன் பெவன் ஒருவர்தான்.

லீக் ஒன்றும் கோயில் அல்ல. 1957இல் ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை ஆடிவிட்டுத் திரும்பும் வழியில் பிரிட்டிஷ் அணி தென்னாப்பிரிக்காவில் காட்சி ஆட்டங்கள் ஆடியது. அங்கே நிறவெறிச் சட்டம். பாஸ்டன் தனியாக விமானம் ஏறி வீடு திரும்பினார். அணி அவர் இல்லாமலே ஆடியது. கூலி கொடுத்தவர்களும் அந்த இடத்தில் கூட நிற்கவில்லை. இதையும் சேர்த்துத்தான் அவருடைய தொழில்.

என் கதைக்கு வருகிறேன். எழுபதுகளில் நாலைந்து பேராக ஒரு பத்திரிகை நடத்தினோம். 300 பிரதி. யாருக்கும் சன்மானம் கிடையாது. அதில் எங்களுக்கு ஒரு கர்வம். எனக்கு மாதம் முதல் தேதி சம்பளம் வந்துகொண்டிருந்தது. அச்சகத்தில் எங்களுக்கு எழுத்துக் கோத்தவர் கவிதை எழுதுவார். ஒரு நாள் தயங்கித் தயங்கி நாலு கவிதை கொடுத்தார். 'பார்க்கலாம்' என்றோம். மூன்று இதழ் போயிற்று. கவிதைகள் மோசமில்லை. ஒன்று நன்றாகவே இருந்தது. அவர் எங்களில் ஒருவராக எங்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பிறகு ஒரு வாரப் பத்திரிகை அவருடைய கதைகளைப் போட்டுப் பணமும் கொடுத்தது. 'விலைபோய்விட்டார்' என்று முதலில் சொன்னவன் நான். பெயர் குறிப்பிடாமல், கூலிக்கு எழுதுகிறவர்களைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினேன். அதைக் கோத்ததும் அவர்தான். அந்த இதழில் என் பக்கங்களில் ஒரு பிழைகூட இல்லை.

பாஸ்டனைப் பற்றிப் படித்தபோது இது ஞாபகம் வந்தது. உள்ளே விடாதவன்தான் பிற்பாடு வெளியே போனவனை விலைபோனவன் என்கிறான். கதவைச் சாத்தியது யார் என்ற கேள்வியைத் தூய்மை என்ற சொல் மூடிவிடுகிறது. 1995 ஆகஸ்டில் யூனியனும் பணம் வாங்கலாம் என்று அறிவித்துக்கொண்டது. நூறு வருஷத் தீட்டு ஒரு கூட்டத்தில் போயிற்று. கொள்கை தோற்றதாக யாரும் மாரடித்து அழவில்லை. வசதி மாறியது, கொள்கையும் மாறியது.

ஓய்வுக்குப் பிறகு பாஸ்டன் விகனில், மைதானத்துக்குப் பக்கத்தில் கிரிஃபின் என்ற மதுக்கடையை நடத்தினார். அந்த மைதானம் 1999இல் மூடப்பட்டு டெஸ்கோ கடையாயிற்று. 2023இல் கார்டிஃப் துறைமுகத்தில், இதேபோல் வடக்கே போன கிளைவ் சல்லிவன், கஸ் ரிஸ்மன் இருவரோடு சேர்த்து அவருக்குச் சிலை வைத்தார்கள். அதற்குள் அவருக்கு மறதி நோய் வந்திருந்தது. எண்ணிக்கை பத்திரமாக இருக்கிறது. யாரோ ஒருவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ணி எழுதி வைத்திருக்கிறார்.

அந்த நாலு கவிதைகளை வீட்டில் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. நன்றாக இருந்தது என்று சொன்னேனே, அதில் எனக்கு ஒரு வரிகூட ஞாபகமில்லை.