கிழிக்கச் சொன்ன தாள்கள்

இவ்விழா மலருக்கு எழுதுமாறு பணிக்கப்பட்டபோது, எம் பிழையொன்றே முதலில் நினைவுக்கு வந்தது.

உள்ளக வடிவமைப்புக் கற்க விழைந்த எம் மாணாக்கனொருவன், நேர்முகத் தேர்வுக்குரிய ஆக்கத் தொகுப்பின் விளக்கங்களைத் திருத்தித் தருமாறு வந்தான். ஆசிரிய கலாசாலைச் சான்றிதழ் பெற்ற யாம் கொப்பி திருத்துவதன்றி வேறு அறியோம். கணினியில் வரைந்த அறைகள் கண்ணைப் பறித்தன. கடைசியிற் சில பென்சிற் படங்கள்: அவன் அம்மம்மாவின் நாற்சார் வீடு. முற்றத்தின் நீள அகலம், தூண்களின் இடைவெளி, காலை வெயில் விழும் இடம், அவர் கால் தடுக்கும் படியின் உயரம் யாவும் அளந்து குறித்து, அழித்து, மீண்டும் வரைந்திருந்தான்.

"தம்பி, இவ்வழுக்குத் தாள்களைக் கிழித்துவிடும், திருத்தமானவை மட்டும் போதும்" என்றோம்.

அவன் கிழிக்கவில்லை. எம் சொற் கேளாத மாணாக்கரை யாம் அதற்குமுன் மெச்சியதில்லை. தேர்வாளர் கணினிப் படங்களை விரைந்து புரட்டி, பென்சிற் படங்களில் நெடுநேரம் தங்கினராம். அங்கு வாழ்பவர் யார், அவர்க்கு இடர் எது, எதனை ஏன் மாற்றினீர் என்பனவே வினாக்கள். முடிந்த அறையின் படம் அவற்றுக்கு விடை கூறாது. அவனுக்கு இடம் கிடைத்தது.

1960களின் தொடக்கத்தில் ஜெப்ரி பாவா கொழும்பில் நடுமுற்றம் வைத்தமைத்த ஏனா டி சில்வா இல்லம், பின்னாளிற் கழற்றப்பட்டு லுணுகங்கையில் மீள எழுந்தது. அம்மம்மாவின் முற்றத்துக்கு அப்பேறில்லை. சென்ற ஆண்டு வீட்டை இடித்துவிட்டார்கள். எஞ்சியவை அத்தாள்களே.

அண்மையில் அவன் தொகுப்பை மீண்டும் கொணர்ந்தான். யாம் எழுதிக்கொடுத்த விளக்கத்தில் 'எழில் கொழிக்கும்' என்பது நான்கிடத்து வந்திருந்தது. அவற்றை வெட்டி, அவன் முதலில் எழுதியிருந்ததையே எழுதினோம்: 'அம்மம்மாவின் கட்டிலிலிருந்து முற்றம் தெரியும்.'