வீடு திரும்பும் பக்கம்

மளிகைக் கடைக்கு இடம் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் காலை பத்து மணிக்குத்தான் வருகிறார்கள். வீட்டுக்காரர் சாவியோடு இருக்கும் நேரம் அது. ஷட்டரைத் தூக்கி, நீள அகலம் கேட்டு, அட்வான்ஸ் பேசி, மதியத்துக்குள் முடிவுக்கே வந்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் பார்த்தால் கட்டடம் தெரியும், வியாபாரம் தெரியாது. மளிகைக்கு உயிரான நேரம் மாலை ஐந்தரையிலிருந்து ஒன்பதுவரை. அப்போது அந்தத் தெருவில் யார், எந்தப் பக்கமாக, கையில் எதைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று நின்று பார்க்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து சென்னையில் போரூர் அருகே கடை நடத்துகிறவன் நான். ஊரிலிருந்து வந்து, யாரோ ஒருவர் கடையில் பொட்டலம் மடித்து வளர்ந்த பையன்கள் சொந்தமாகக் கடை வைக்கும்போது, “அண்ணாச்சி, ஒரு எடம் பாத்திருக்கேன், நீங்க ஒரு நட வந்து பாத்துச் சொல்லணும்” என்று கூப்பிடுவார்கள். எந்த வேலை இருந்தாலும் போய்விடுவேன். அந்த அட்வான்ஸில் பையனின் பல வருடச் சம்பளமும் அவன் அம்மாவின் அடகு நகையும் சேர்ந்திருக்கும். சரக்கை மாற்றலாம், ரேக்கை மாற்றலாம், விலையைக்கூட நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். இடத்தை மட்டும் மாற்ற முடியாது.

“மெயின் ரோட்டு மேலேயே கிடைக்குது அண்ணாச்சி, எதிர்லயே பஸ் ஸ்டாப்பு” என்பார்கள். எந்தப் பக்க பஸ் ஸ்டாப் என்றுதான் முதலில் கேட்பேன். ஒரே சாலையில் எதிரெதிராக இரண்டு நிறுத்தங்கள் இருக்கும். நகரத்துக்குள் போகும் பஸ் நிற்கிற பக்கத்தில் காலையில் கூட்டம் அள்ளும். அவர்கள் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தண்ணீர் பாட்டில், மிட்டாய், மாஸ்க் போகும், அரைக் கிலோ துவரம்பருப்பு போகாது. பருப்பைத் தூக்கிக்கொண்டு யார் ஆபீஸ் போவார்கள்? எதிர்ப்பக்கத்தில் காலை முழுக்க ஈ ஓட்டலாம். ஆனால் மாலையில் அங்கேதான் இறங்குவார்கள். இறங்கியதும் ஒரு நிமிடம் நின்று, வீட்டுக்கு போன் போட்டு, “என்ன வாங்கணும்?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பத்தடி தூரத்தில் கடை இருக்க வேண்டும். அதுதான் நம் பக்கம்.

இரு சக்கர வண்டிக்கும் இதே கணக்குதான். இடது பக்கம் ஓட்டும் நாட்டில், வீடு திரும்புகிறவனுக்கு இடது கைப்பக்கக் கடைதான் கடை. வலது பக்கக் கடை இருபதடி தூரத்தில் இருந்தாலும், நடுவே மீடியன் கட்டிவிட்டால் அவனுக்கு அது வேறு ஊர். வண்டியை அணைக்காமல், ஒரு காலை ஊன்றியபடியே “அண்ணாச்சி, ஒரு பாலு, ரெண்டு முட்ட” என்று கேட்டு வாங்கிப் போகிறவர்கள் இன்று வாடிக்கையில் பெரும்பங்கு. ஆகவே கல்லா தெருவைப் பார்த்து இருக்கிறதா, முன்னால் நாலு வண்டி நிற்க இடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஷட்டருக்கு நேர் எதிரே ஈ.பி. பெட்டியோ சாக்கடை மூடியோ இருந்தால் மேலே பேசவே மாட்டேன். சரக்கு இறக்க வரும் ‘குட்டி யானை’ வண்டிக்கு ஒதுங்க இடம் இல்லாத தெருவில் ஒவ்வொரு அரிசி மூட்டைக்கும் தூக்குகூலி ஏறும். அரிசியில் கிடைக்கும் லாபம் அந்தக் கூலியைத் தாங்காது.

ஒரே தொழில் ஒரே தெருவில் குவிவது சென்னையில் எல்லோருக்கும் தெரிந்த காட்சி. எலக்ட்ரானிக்ஸுக்கு ரிச்சி தெரு, கல்யாணப் பத்திரிகைக்கும் காகிதத்துக்கும் ஆண்டர்சன் தெரு, மொத்தத் துணிக்கு கோடவுன் தெரு, வண்டி உதிரி பாகத்துக்குப் புதுப்பேட்டை. நாலு கடை ஏறி இறங்கி, விலை கேட்டு, மாடல் பார்த்து வாங்கும் பொருளுக்கு அந்தக் கூட்டமே விளம்பரம். தனியாகப் போய் உட்கார்ந்தால் யாரும் தேடி வர மாட்டார்கள். இதைப் பார்த்துவிட்டு, மூன்று மளிகைக் கடை இருக்கும் முனையிலேயே நாலாவதாக நுழையப் பார்க்கிறார்கள் நம் பையன்கள். உப்பு வாங்க யாரும் நாலு கடை ஏறி இறங்குவதில்லை.

காமர்ஸ் படித்த என் மகள் ஹாரல்ட் ஹோட்டலிங் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞரைப் பற்றி ஒருமுறை சொன்னாள். 1929-ல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு நீளமான தெரு வருகிறது. அதில் ஒரே சரக்கு விற்கும் இரண்டு கடைகள். ஒவ்வொருவரும் மற்றவரின் வாடிக்கையைப் பிடிக்க நகர்ந்து நகர்ந்து, கடைசியில் இருவரும் தெரு நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள் என்பது அவர் கணக்கு. கால்வாசித் தூரத்தில் ஒருவரும் முக்கால்வாசித் தூரத்தில் இன்னொருவரும் இருந்தால் ஜனங்களுக்கு நடை குறையும், ஆனாலும் போட்டி அவர்களை நடுவுக்கே இழுக்கும். கேட்டதும் எனக்குப் பெரிய மரியாதை வந்தது, கண்ணால் பார்த்ததை ஒருவர் கணக்காகவே போட்டிருக்கிறாரே என்று. ஆனால் அவருடைய தெருவில் நடக்கிறவர்களுக்கு முட்டிவலி கிடையாது, கடன் நோட்டு கிடையாது, மழைக்காலம் கிடையாது. எங்கள் தெருக்களில் கடைசி வீட்டு அக்கா நடுத்தெருவரை நடந்துவந்து சரக்கைத் தூக்கிப்போக மாட்டார். அதனால் தெருவின் கடைக்கோடியில் வாடகை குறைந்த இடம் கிடைத்தால் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

போட்டிக் கடை பக்கத்தில் வேண்டாம், துணைக் கடை பக்கத்தில் வேண்டும். காய்கறிக் கடை நல்லது, கோழிக் கடை ஞாயிற்றுக்கிழமை நல்லது. எல்லாவற்றையும்விட மாவு மில். மிளகாய் அரைக்க வந்தவர்கள் மில்லிலேயே நிற்க முடியாது, நெடி தும்மல் எடுக்கும். தூக்கைக் கொடுத்துவிட்டு வெளியே வருவார்கள். வரிசையில் அவர்கள் முறை வர அரைமணி ஆகும். அந்த அரைமணி நேரத்தில் பக்கத்துக் கடைக்கு வந்து, “மல்லி கொஞ்சம் கொறையுது, கால் கிலோ போடுங்க” என்று தொடங்கி, கடுகு, சீரகம், சோப்பு என்று வளர்த்துக்கொண்டே போவார்கள். மில்லை ஒட்டிய பத்துக்குப் பத்து அறை, மெயின் ரோட்டுக் கடையைவிட நன்றாக ஓடுவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

வீடுகளை எண்ணும் முறையும் ஒன்று இருக்கிறது. “பக்கத்துலயே இருநூறு பிளாட் அபார்ட்மென்ட்டு” என்று புரோக்கர் சொல்வார். இருநூறு பிளாட் கட்டியிருப்பார்கள், குடியிருப்பது எத்தனை? இரவு எட்டு மணிக்குப் போய் விளக்கெரியும் ஜன்னல்களைப் பார்க்க வேண்டும். பகலில் பால்கனிக் கொடியில் துணி காய்கிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தையின் சட்டை தொங்கினால் அந்த வீட்டில் பாலும் பிஸ்கட்டும் உண்டு. பிறகு தெருமுனைக் குப்பைத் தொட்டி. பார்க்க அருவருப்பாக இருக்கலாம், ஆனால் அதைவிட நேர்மையாக எந்தப் புரோக்கரும் பேசமாட்டார். ஐந்து லிட்டர் எண்ணெய் டின்னும் இருபத்தாறு கிலோ அரிசிப் பையும் கிடந்தால் மாத லிஸ்ட் போடும் ஜனங்கள். மூட்டைச் சரக்கு வேண்டும், டோர் டெலிவரிக்கு ஆள் வேண்டும். அரை லிட்டர் எண்ணெய் பாக்கெட்டும் ஷாம்பு சாஷேயும் கிடந்தால் அன்றாடக் கூலி வீடுகள். அங்கே ஒவ்வொரு மாலையும் வருவார்கள், பத்து ரூபாய்க்குப் பூண்டு கேட்பார்கள். கடலூரில் 1983-ல் தொடங்கிய சிக் ஷாம்பு சின்ன சாஷேயிலேயே அத்தனை பெரிய வியாபாரமாக வளர்ந்தது இந்த வீடுகளின் மாலை நேரத்தை நம்பித்தான். எந்தத் தெரு உயர்ந்தது, எது தாழ்ந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்தத் தெருவுக்கு என்ன கடை என்பதுதான் கேள்வி. கூலி வீடுகளின் நடுவில் ஏ.சி. போட்டுக் கண்ணாடிக் கதவு வைத்தால், உள்ளே வரவே தயங்குவார்கள்.

வாசல் எந்தத் திசை என்பதில் ஊர்க்காரர்களுக்கு வாஸ்து முக்கியம், எனக்கு வெயில் முக்கியம். மேற்குப் பார்த்த கடையில் மூன்று மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே இறங்கும். முன் ரேக்கில் இருக்கும் சாக்லேட் இளகி, ராத்திரி மறுபடி இறுகி, மேலே வெள்ளை பூத்துவிடும். வெல்லம் கசிந்து சாக்கோடு ஒட்டும். எண்ணெய் பாக்கெட்டைத் தொட்டால் சுடும். முன்னால் சாக்கைத் தொங்கவிட்டு மறைத்தால் கடை மூடியிருக்கிறதோ என்று போகிறவர்கள் நினைப்பார்கள். மேற்கு வாசல்தான் கிடைக்கிறது என்றால், எதிரே மரமோ உயர்ந்த கட்டடமோ இருக்கிறதா என்று நாலு மணிக்கு நின்று பார்க்கச் சொல்வேன்.

அடுத்தது தரை. சென்னையில் ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் பழைய கட்டடங்கள் பள்ளமாகிக் கிடக்கின்றன. அவற்றில் கடை வைத்தால் முதல் மழைக்கே அடி அட்டி மூட்டைகள் நனையும். சுவரில் தண்ணீர் நின்ற கோடு புதுச் சுண்ணாம்புக்குள்ளும் உப்புப் பூத்துக் காட்டிக்கொடுக்கும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பக்கத்து டீக்கடையில் கேட்டால் கையால் உயரம் காட்டுவார்கள். அதற்குப் பயந்து நாலு படி உயரத்தில் கடை எடுக்கிறவர்களும் உண்டு. அந்த நாலு படி வயதானவர்களைத் தெருவிலேயே நிறுத்திவிடும். ஒரு படி, அல்லது கைப்பிடியோடு இரண்டு படி. அதற்கு மேல் வேண்டாம்.

சட்டத்தையும் பார்த்தாக வேண்டும். பள்ளிக்கூடம் பக்கம் என்றால் மிட்டாய், நோட்டு, பேனா ஓடும். ஆனால் 2003-ம் ஆண்டுச் சட்டப்படி கல்வி நிலையத்திலிருந்து நூறு கஜத்துக்குள் சிகரெட், புகையிலை விற்கக் கூடாது. அந்த வருமானத்தை நம்பிக் கணக்குப் போடும் பையனிடம் இதை முன்னாலேயே சொல்லிவிடுவேன். விற்காமல் இருப்பதே நல்லது என்பதும் என் கருத்து. டாஸ்மாக் பக்கத்தில் தண்ணீர், முட்டை, மிக்சர் பறக்கும். ஆனால் மாலை ஆறுக்கு மேல் பெண்கள் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். மளிகை என்பது பெண்களின் வியாபாரம். அவர்கள் தனியாக நடந்துவரத் தயங்கும் இடத்தில் மளிகைக் கடை வைக்கவே கூடாது, எத்தனை கூட்டம் இருந்தாலும் சரி.

வீட்டுக்காரரையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். இதற்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள், ஏன் போனார்கள்? அடுத்தடுத்துப் பலகை மாறிய கடையென்றால் காரணம் தெருவிலா, வாடகையிலா என்று விசாரிக்க வேண்டும். பதினோரு மாத அக்ரிமென்ட், பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையில் ஊறிப்போன வழக்கம். 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது, அக்ரிமென்ட்டை எழுதிப் பதிவும் செய்யச் சொல்கிறது. பல பேருக்கு இது தெரியவே தெரியாது. வாடிக்கை பிடிபடவே ஒரு வருடம் ஆகும் தொழிலில் பதினோரு மாதக் காகிதம் எதற்கும் உதவாது. மூன்று வருடமாவது எழுதி, வருடத்துக்கு எவ்வளவு ஏறும் என்பதையும் அதிலேயே எழுதி வாங்கச் சொல்வேன். வாடகைக் கணக்கு எளிது. சராசரியாக நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் நிற்கிறது என்று வைத்தால், இருபதாயிரம் வாடகைக்கு மட்டும் இரண்டு லட்சத்துக்கு விற்க வேண்டும். கரன்ட், ஆள் சம்பளம், வீட்டுச் செலவு எல்லாம் அதற்கு மேல்தான்.

இத்தனையும் பார்த்து எடுத்த இடமும் கைவிட்டுப் போகலாம். கோயம்பேட்டில் தென்மாவட்டப் பயணிகளை நம்பி நடந்த கடைகள், 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்து பஸ்கள் அங்கே போனபிறகு என்ன ஆயின என்று எல்லோரும் பார்த்தோம். ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு அடித்தபோது, வருடக்கணக்காக நின்று வாங்கியவர்கள் நிற்க இடமில்லாமல் வேறு வழியில் போனார்கள். வியாபாரம் நின்றது, வாடகை நிற்கவில்லை. அந்தச் சாலையில் கடை வைத்திருந்தவர்கள் யாரும் இடம் பார்க்கத் தெரியாதவர்கள் அல்ல. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வரும். ஒரு சாலையைத் திருப்பும்போதும் பஸ் நிலையத்தை மாற்றும்போதும், அதை நம்பிச் சின்னக் கடை வைத்தவனிடம் ஒரு வருடம் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். எதிர்பாராமல் வருகிற மழைக்குக்கூட வானிலை அறிக்கை இருக்கிறதே. இதனால் இப்போதெல்லாம் ஒரே பெரிய இடத்தை மட்டும் நம்பிய கடையைவிட, சுற்றியுள்ள நாலு தெருக்காரர்கள் நடந்தே வரும் கடைதான் பத்திரம் என்று சொல்கிறேன். பஸ் போய்விடும், வீடுகள் போகாது.

பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் ஆப்களைப் பற்றியும் பையன்கள் கேட்கிறார்கள். அவர்களின் கிடங்குகள் உள்தெருவில், வாடகை குறைந்த கட்டடங்களில், போர்டுகூட இல்லாமல் இருக்கின்றன. அவர்களுக்கு வாசல் தேவையில்லை. நமக்கு இருப்பதே வாசல்தான். சின்ன வெங்காயத்தைக் கையில் அள்ளிப் பார்த்து, அழுகலை ஒதுக்கி வாங்குகிறவர்களும், மாதக் கடைசியில் நோட்டில் எழுதச் சொல்கிறவர்களும், குழந்தையைத் தனியாக அனுப்புகிறவர்களும் நடந்து வருகிற தூரத்தில் இருக்கிறார்களா என்பதை முன்னைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

குன்றத்தூர் பக்கம் ஒரு இடம் சொல்லியிருக்கிறான் எங்கள் ஊர்ப் பையன். கிழக்கு வாசல், ஒரு படி, பக்கத்தில் மாவு மில்லும் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னான். ஞாயிறு எல்லாத் தெருவும் நன்றாகத்தான் இருக்கும், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வருகிறேன், அதுவரை அட்வான்ஸ் பேச்சை எடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.