எஃப்1-ஐ அழுத்துவதற்கு முன்

பழைய லேப்டாப்பை ஆன் செய்ததும் கருப்புத் திரையில் இரண்டு வரி வந்து நிற்கும். பெரும்பாலோர் அதை வாசிப்பதில்லை. ‘தொடர எஃப்1-ஐ அழுத்தவும்’ என்கிற கடைசி வரி மட்டும் கண்ணில் படும். அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் என்று பலருடைய லேப்டாப்பையும் பார்த்துக் கொடுக்கிறவன் நான். எனக்கு இதில் பெரிய ஆதங்கம் உண்டு. கோளாறு எங்கே என்று அந்த இரண்டு வரியில்தான் எழுதியிருக்கிறது.

செய்தி எந்த நேரத்தில் வருகிறது என்பதே பாதி விடை. பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸ் அல்ல, மதர்போர்டில் இருக்கும் பயாஸ். மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா, விசிறி சுற்றுகிறதா, டிஸ்க் பதில் சொல்கிறதா என்று வகுப்பில் பெயர் கூப்பிடுவதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்கும். 1981-இல் வந்த ஐபிஎம் பிசி காலத்திலிருந்தே இந்தச் சோதனை உண்டு. அதில் 201 என்று வந்தால் மெமரி, 301 என்று வந்தால் கீபோர்டு. இந்தக் கட்டத்தில் வரும் செய்தி பெரும்பாலும் ஏதோ ஓர் உறுப்பைப் பற்றியது. லோகோ போய் விண்டோஸ் எழும்பும்போது வந்தால் டிஸ்க்கையோ அதிலுள்ள விண்டோஸ் கோப்புகளையோ சந்தேகிக்கலாம். டெஸ்க்டாப் வந்த பிறகு சின்னப் பெட்டியாக வந்தால், அநேகமாக ஏதோ ஒரு மென்பொருள் விட்டுச்சென்ற மிச்சம்.

எங்கள் சித்தப்பா ஊர்க்கோயில் கணக்கையும் தன் நெல் கணக்கையும் ஒரு பழைய லேப்டாப்பில்தான் வைத்திருக்கிறார். ஒருநாள் போன் செய்தார்.

“நெட்டு போச்சு தம்பி. பேங்க் பக்கத்தைத் தொட்டாலே பாதுகாப்பு இல்லைங்குது.”

“ஆன் பண்ணும்போது ஏதாவது எழுதி வருதா சித்தப்பா?”

“அது தினமும் வருதுப்பா. எஃப்1 தட்டுனா போயிடும்.”

தட்டாமல், அதை அப்படியே போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முதல் வரி, தேதியும் நேரமும் அமைக்கப்படவில்லை என்றது. நெட் போனதற்குக் காரணம் அதுதான். மின்சாரம் இல்லாத நேரத்திலும் கடிகாரம் ஓடுவதற்காக மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். பெரும்பாலும் சிஆர்2032 என்கிற 3 வோல்ட் பேட்டரி. பல லேப்டாப்புகளில் அதைக் கருப்பு உறைக்குள் வைத்து இரண்டு மெல்லிய ஒயரோடு ஒட்டியிருப்பார்கள். அது தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய், ஏதோ ஒரு ஜனவரி 1-இல் நிற்கும். வங்கித் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் உண்டு. லேப்டாப்பின் கணக்குப்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால்தான் பிரவுசர் மறுக்கிறது. சித்தப்பாவோ அதுவரை இணைப்புக் கொடுத்தவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

படத்தில் அதற்குக் கீழே இன்னொரு வரியும் இருந்தது. ஹார்ட் டிஸ்க் பழுதாகப் போகிறது, நகல் எடுத்துவிட்டு மாற்றவும் என்ற ‘ஸ்மார்ட்’ எச்சரிக்கை. அதையும் தினமும் எஃப்1 தட்டித்தான் கடந்திருக்கிறார். படத்தைப் பார்த்ததும் எனக்குப் பதறிவிட்டது.

டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களுக்குப் பதிலாகப் பயன்படுத்த உதிரி இடங்கள் உண்டு. மாற்றிய இடங்களின் கணக்கை டிஸ்க்கே வைத்திருக்கும். அந்தக் கணக்கு எல்லை மீறினால் இந்த வரி வரும். கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். டிஸ்க் தன்னைத்தானே சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்டுவிட்டால், அடுத்த 60 நாளில் அது பழுதாகும் வாய்ப்பு, பிழையே இல்லாத டிஸ்க்கைப் போல 39 மடங்கு என்று அதில் இருக்கிறது. எந்த முன்னறிவிப்பும் கொடுக்காமலே பழுதான டிஸ்க்குகளும் ஏராளம் என்கிறது அதே அறிக்கை. ஆகவே எச்சரிக்கை வராததை நம்பி இருக்க முடியாது. வந்துவிட்டால் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது.

“அப்படியே மூடி வைங்க சித்தப்பா, நான் வர்றேன்” என்றேன். இந்த இடத்தில் பலரும் உடனே, டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாகக் கிடக்கும் டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவிட்டுச் சீர்செய்யப் பார்ப்பது, இருப்பதையும் இழக்கும் வழி. முதலில் நகல், பிறகுதான் மற்றதெல்லாம். விண்டோஸைத் தொடாமல், பென் டிரைவில் கொண்டுபோன லினக்ஸிலிருந்து லேப்டாப்பை ஆன் செய்தேன். கோயில் கணக்கு முதலில், நெல் கணக்கு அடுத்து, கல்யாணப் படங்கள் அப்புறம். வேறெங்கும் கிடைக்காதது எதுவோ அது முதலில் வெளியே வரவேண்டும். படங்களின் நடுவே ஓரிடத்தில் டிஸ்க் ‘டக் டக்’ என்று தட்டி நின்றது. அந்தப் படங்களைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு மற்றதை எடுத்தேன். கணக்குகள் ஒன்றுவிடாமல் வந்தன. பழைய டிஸ்க் இருந்த அதே இடத்தில், அதே இணைப்பில் 2.5 அங்குல எஸ்எஸ்டி பொருந்தியது. கையோடு அந்த நாணய பேட்டரியையும் மாற்றினேன்.

எல்லாச் செய்தியும் இப்படிக் கதிகலங்க வைப்பதில்லை. டெஸ்க்டாப் வந்தபின் ‘குறிப்பிட்ட மாட்யூல் கிடைக்கவில்லை’ என்று சொல்லும் பெட்டி பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆன்டிவைரஸ் ஒரு கோப்பை அழித்திருக்கும், ஆனால் லேப்டாப் ஆன் ஆனதும் அதைக் கூப்பிடு என்ற உத்தரவு மட்டும் பட்டியலில் மிஞ்சியிருக்கும். அந்தக் கோப்பைத் தேடிக் கண்ட கண்ட தளங்களிலிருந்து இறக்குவதுதான் ஆபத்து, வைரஸை நாமே வீட்டுக்கு அழைத்ததாகிவிடும். மைக்ரோசாப்டே இலவசமாகத் தரும் ஆட்டோரன்ஸ் என்ற கருவியில், கோப்பில்லாத உத்தரவுகள் மஞ்சள் நிறத்தில் தெரியும். டிக்கை மட்டும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். சில நாள் ஒன்றும் முரண்டு பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம்.

சித்தப்பா இப்போது புதிதாக எந்த வரி வந்தாலும் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார். கடைசியாக அனுப்பியது, சார்ஜரின் வாட் அளவைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற செய்தி. சில லேப்டாப்புகளின் சார்ஜரில் தன் அளவைச் சொல்வதற்கென்றே தனியாக ஒரு மெல்லிய ஒயர் இருக்கும். அது அறுந்தால் லேப்டாப் ஓடும், ஆனால் பேட்டரி ஏறாது, வேகமும் குறையும். சார்ஜர் ஒயரை ஜன்னல் கம்பியில் சுற்றி வைக்கிற வழக்கம் அவருக்கு. சரியான வாட் உள்ள வேறொரு சார்ஜர் வாங்கி அனுப்பியிருக்கிறேன்.