பின்வைப்பர் நின்றால் முதலில் செய்ய வேண்டியது

மழைக்காலத்தில் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துவோர்க்குப் பின்கண்ணாடி பெருந்துணையாகும். ஆயினும், பின்புறம் செங்குத்தாக முடியும் சிறு கார்களிலும் வேன்களிலும் அது விரைவில் மறைந்துவிடும். வண்டி ஓடுங்கால் பின்னே சுழலும் காற்று, சக்கரங்கள் எழுப்பும் சேற்றுநீரைத் தூக்கிக் கண்ணாடியின்மேல் அப்புகின்றது. ஆகவேதான் இத்தகைய வண்டிகள் பலவற்றில் பின்புறத்திலும் ஒரு வைப்பர் அமைந்துள்ளது. அமெரிக்கப் பெண்மணி மேரி ஆண்டர்சன் 1903-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற துடைப்பான் கையால் இயக்கப்படுவது. இன்றைய பின்வைப்பரோ முற்றிலும் மின்சாரத்தை நம்பியிருப்பது.

அது அசையாது நின்றதும், "மோட்டார் போய்விட்டது" என்று கூறிவிடுவது பலருக்கும் எளிதாயிருக்கின்றது. நாம் குருமடத்தில் தர்க்கநூல் பயின்ற காலத்தில், ஒரே விளைவுக்குக் காரணங்கள் பல இருக்கக்கூடும் என்றும், அவற்றை ஒவ்வொன்றாய் ஆராய்ந்து விலக்கிய பின்னரே முடிவு கூறவேண்டும் என்றும் கற்றோம். அப்பாடம் இங்கும் பொருந்துகின்றது.

மின்சாரம் செல்லும் வழியை முதலில் அறிதல் நலம். பேட்டரியிலிருந்து புறப்பட்டு ஃபியூஸ், ஸ்டியரிங்கின் அருகிலுள்ள சுவிட்ச் ஆகியவற்றைக் கடந்து, வண்டியின் பின்பகுதிக்கு வயர் வழியாகச் செல்கின்றது. சில வண்டிகளில் இடையே ரிலேயும் உண்டு. பின்னர், மேல்நோக்கித் திறக்கும் டிக்கிக் கதவின் கீலருகே, ஒரு ரப்பர் குழாயினுள் புகுந்து மோட்டாரை அடைகின்றது. அங்கிருந்து எர்த் வழியாக வண்டியின் உடலுக்குத் திரும்புகின்றது. இவ்வழி முழுவதிலும் கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்வது அந்த ரப்பர் குழாயிலுள்ள வயர்களே என்பதை நினைவிற் கொள்க.

சென்ற வடகிழக்குப் பருவமழையின்போது, பள்ளிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிச் செல்லும் ஓட்டுநர் ஒருவர் நம்மிடம் வந்தார். "பட்டறையில் புது மோட்டார் போடவேண்டும் என்கிறார்கள், சாமி. பல நாள் சம்பாத்தியம் போய்விடும். போடாமல் விட்டாலோ, ரிவர்ஸ் எடுக்கையில் பின்னால் பிள்ளைகள் நிற்பதே தெரிவதில்லை" என்றார். "பணத்தைக் கொடுக்குமுன் ஒரு மணி நேரம் பொறுங்கள், தம்பி" என்று கூறி, மல்டிமீட்டரையும் 5 வாட் பல்பு பொருத்திய டெஸ்ட் லாம்ப்பையும் எடுத்துக்கொண்டோம்.

ஃபியூஸின் இருமுனைகளிலும் விளக்கு எரிந்தது. ஆகவே ஃபியூஸ் நலம். மோட்டாருக்கு வரும் கப்ளரைக் கழற்றி, சுவிட்சைப் போட்டு மீட்டரை வைத்தபோது ஏறத்தாழ 12 வோல்ட் காட்டிற்று. மின்சாரம் வந்தும் மோட்டார் ஓடவில்லை என்பதே பட்டறையாரின் வாதம். ஆயின், அதே இடத்தில் விளக்கை வைத்ததும் அது மங்கலாகவே எரிந்தது. எர்த் கவ்வியை வண்டியுடலில் வேறோர் நல்ல இடத்தில் மாட்டியும் மங்கல் மாறவில்லை. ஆகவே எர்த் குற்றமற்றது. ரப்பர் குழாய்க்கு முன்னுள்ள இணைப்பில் வைத்தபோதோ விளக்கு பளிச்சென எரிந்தது. குறை குழாயினுள் இருப்பது தெளிவாயிற்று. குழாயை உருவிப் பார்க்கையில், ஒரு வயரின் மேலுறை வெடித்து, உள்ளே செப்பிழைகள் ஏறக்குறைய யாவும் அறுந்து, எஞ்சியவை பச்சை பூத்திருந்தன.

மீட்டர் ஏன் ஏமாற்றியது? ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827-இல் வெளியிட்ட விதியே விடை கூறும். நைந்த இழைகளின் தடை 20 ஓம் எனக் கொள்வோம். மீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகமிகச் சிறிதாகையால் அத்தடையில் இழப்பு ஏதும் தெரியாது. 12 வோல்ட் முழுமையாகவே காட்டும். ஆனால் 12 வோல்ட் 20 ஓம் வழியே 0.6 ஆம்பியருக்கு மேல் தராது. மோட்டாருக்கோ 2 அல்லது 3 ஆம்பியர் வேண்டும். சுமையின்றிச் செய்யும் சோதனை இவ்வாறு பொய்த்துப் போகும்.

நைந்த பகுதியை வெட்டி நீக்கி, நெகிழ்வான புது வயரை இணைத்து, பற்றவைத்த இடங்கள் வளைவுக்கு வெளியே அமையுமாறு செய்து, உறையிட்டு மூடினோம். வைப்பர் ஓடிற்று. செலவு ஒரு முழ வயரே.

வாசகர்கள் மேலும் சில அறிந்துகொள்வார்களாக. ஃபியூஸ் மீண்டும் மீண்டும் போகுமாயின், குழாயினுள் வயர் உரிந்து உடலைத் தொடுகின்றதா, வைப்பரின் தண்டு துருப்பிடித்து இறுகியுள்ளதா என்று பாருங்கள். பெரிய ஃபியூஸை ஒருபோதும் போடாதீர்கள், வயர் தீப்பற்றக்கூடும். சில வண்டிகளில் டிக்கிக் கதவு சரியாக மூடாவிடினும் வைப்பர் ஓடாது. பாதிவழியில் நின்றால், மோட்டாரினுள் அதனை ஓய்விடத்திற்குக் கொணரும் தொடுமுனையை ஐயுறலாம். கதவை மூடுங்கால் நம்பர் பிளேட் விளக்கும் சிமிட்டினால் ரப்பர் குழாயையே முதலில் நாடுங்கள். கணினிப் பெட்டிகளுக்கும் ஏர்பேக்கிற்கும் செல்லும் வயர்களில் மட்டும் டெஸ்ட் லாம்ப்பை வைக்கலாகாது.

சில வேளைகளில் மோட்டாரே பழுதாயிருப்பதும் உண்டு. கப்ளரில் விளக்கு நன்றாக எரிந்து, எர்த்தும் செம்மையாயிருந்து, தண்டும் இறுகாமல், மோட்டார் மட்டும் அசையாதிருப்பின், அப்போது தயக்கமின்றி அதனை மாற்றுங்கள். அதுவரை பணப்பையைத் திறக்கவேண்டாம். மழைநாளில் கண்ணாடி தெளியாமல் பிள்ளைகள் நிற்குமிடத்தில் வண்டியைப் பின்னெடுக்கவும் வேண்டாம்.