டக் டக் எப்போது கேட்கிறது?

பசுவந்தனை, ஆனி 18

ஆனிக் காற்று ஆரம்பித்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையோடு ஈரத்தை முடித்துக்கொண்ட கரிசல் இப்போது பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. கோடை உழவு போட்ட காடுகளிலிருந்து எழும் புழுதி சலித்த மாவு போல நுணுக்கமானது. சாத்திய கதவின் இடுக்கிலும் படிகிறது. இந்தப் புழுதிக்குள் ஓடுகிற பழைய கார்களில் ஒருநாள் திடீரென்று எழத் தொடங்கும் ‘டக் டக்’ சத்தத்தைப் பற்றிச் சில நாட்கள் தொடர்ந்து எழுதிவைக்கப் போகிறேன். பொதுவாக நடப்பது இதுதான்: சத்தம் கேட்டதும் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறோம். முன்பக்கம் இடதுபுறம் என்று காதுக்குத் தோன்றுகிறது. அங்கே இருக்கிற ஏதோ ஒரு பாகத்தை மாற்றுகிறோம். பணம் போகிறது, சத்தம் போவதில்லை. அந்த முதல் கேள்வியே தப்பு என்பது என் கட்சி. பழைய வண்டியின் சத்தத்திடம் முதலில் ‘எப்போது’ என்று கேட்க வேண்டும்; ‘எங்கே’ என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி.

காது இடம் கண்டுபிடிப்பது எப்படி என்று யோசித்தால் காரணம் விளங்கும். ஒரு ஒலி இரண்டு காதுகளையும் அடையும் நேரத்திலும் உரப்பிலும் இருக்கும் மிகச் சிறிய வித்தியாசங்களை வைத்துத்தான் மூளை திசையைச் சொல்கிறது. வெட்டவெளியில் இது நன்றாக வேலை செய்யும். மூடிய காருக்குள் நிலைமை வேறு. முன் சக்கரத்தில் எழுந்த தட்டல் இரும்பு வழியே தரைத் தகட்டுக்கும் கதவுக்கும் ஓடி, கண்ணாடிகளில் மோதித் திரும்பி, எல்லாப் பக்கமிருந்தும் காதில் விழுகிறது. வலது சக்கரத்தின் சத்தம் இடது காலடியில் கேட்பதில் அதிசயம் இல்லை. இடத்தைப் பற்றிக் காது பொய் சொல்லும். நேரத்தைப் பற்றி அது பொய் சொல்வது அபூர்வம். தாளம் தப்பினால் சங்கீதம் தெரியாதவருக்கும் உறுத்துகிறதே, அந்தத் திறமைதான் இங்கே நமக்கு வேண்டியது.

ஆனி 20

பேச ஒரு வண்டி வேண்டும். மாருதி 800ஐ எடுத்துக்கொள்கிறேன். 1983 டிசம்பரில் முதல் வண்டி ஒப்படைக்கப்பட்டது, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. இடையில் 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. பதிவு செய்து 15 ஆண்டு ஆனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியது. அதையும் கட்டி ஒருவர் வண்டியை வைத்துக்கொள்கிறார் என்றால், மழையிலும் வெயிலிலும் குடும்பத்தோடு கோவில்பட்டிக்குப் போய்வர அவருக்கு அது தேவைப்படுகிறது என்றுதான் அர்த்தம். அவருடைய ஒவ்வொரு நூறு ரூபாயும் சரியான பாகத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் இந்தக் குறிப்புகளின் அக்கறை.

800இன் டயர் 145/70 ஆர் 12. அதன் சுற்றளவு ஏறத்தாழ 1.6 மீட்டர். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ஒவ்வொரு சக்கரமும் ஒன்பது கோடி தடவைக்கு மேல் சுற்றியிருக்கிறது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு இரண்டு சுற்றுக்கும் சற்றுக் குறைவு. தொடையில் தட்டி எண்ணிவிடலாம். எஞ்சினின் கணக்கு வேறு. ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்தால், ஒரு வால்வு இரண்டு சுற்றுக்கு ஒருமுறை திறக்கும். நிமிடத்துக்கு 400, வினாடிக்கு ஆறேழு. எண்ண முடியாது, தையல் மெஷின் ஓடுவது போல ஒரு சரமாகக் கேட்கும். ஆக வண்டிக்குள் குறைந்தது இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. சத்தம் எந்தக் கடிகாரத்தைப் பின்பற்றுகிறது என்று தெரிந்தால் பாதி வண்டியைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிடலாம்.

பிரித்துப் பார்க்க ஸ்பானர்கூட வேண்டாம். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தினால் சத்தமும் சேர்ந்து ஓடுகிறதா? ஓடினால் எஞ்சின் பக்கம். நின்ற வண்டியில் அமைதி, ஓடும்போது மட்டும் சத்தம் என்றால், ஆளில்லாத நேரான சாலையில் முப்பதில் போய்க் கிளட்சை மிதித்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஐடிலுக்கு இறங்கிய பிறகும் டக் டக் அதே வேகத்தில் தொடர்ந்தால் அது சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று. சாவியை மட்டும் திருப்பி அணைத்துவிடக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

இந்த ஊருக்கென்று மூன்றாவது கடிகாரம் ஒன்றும் உண்டு, அது சாலை. கரிசல் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். அதன் மேல் போட்ட தார் சில வருடங்களில் அலையலையாக எழும்பிவிடுகிறது. அந்த அலைக்கும் குழிக்கும் மட்டும் பதில் சொல்லும் சத்தம், சக்கர வேகத்துக்கு மசியாமல் ஒழுங்கற்று வரும் சத்தம், சஸ்பென்ஷன் புஷ்ஷிலோ பால் ஜாயிண்ட்டிலோ ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட்டிலோ இருந்து வருகிறது. சிமெண்ட் போட்ட சமமான தெருவில் அது வாயை மூடிக்கொள்ளும்.

ஆனி 23

வளைவில் மட்டும் கேட்கும் சத்தம் தனியாக ஒரு நாளுக்குரியது. அம்பாசிடரும் பத்மினியும் பின் சக்கரத்தால் தள்ளப்பட்ட வண்டிகள். அவற்றில் தேய்ந்தால் சத்தமிடுவது நடுவில் ஓடும் தண்டின் கிராஸ். மாருதி வந்த பிறகு முன் சக்கரமே இழுக்கிறது. இழுக்கிற சக்கரமே திரும்பவும் வேண்டும் என்றால், வளைந்த நிலையிலும் ஒரே சீராகச் சுழற்சியைக் கடத்தும் மூட்டு தேவை. 1920களில் ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃபிரெட் ஷெப்பா அதற்கு வழி கண்டார்: ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு குமிழ், இரண்டுக்கும் இடையே வெட்டிய பாதைகளில் ஆறு எஃகு உருண்டைகள். 1959இல் வந்த பிரிட்டனின் மினி கார் அந்த வகை மூட்டை எளிய குடும்பங்களின் வண்டிக்குள் கொண்டுவந்தது. நம் 800இன் ஆக்சில் நுனியில் இருப்பதும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான், ஒர்க்ஷாப்பில் சி.வி. ஜாயிண்ட் என்பார்கள்.

நேராகப் போகும்போது உருண்டைகள் தங்கள் பாதையில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன. ஸ்டியரிங்கை ஒடித்தால் முன்னும் பின்னும் ஓடுகின்றன. பாதை தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால், எஞ்சின் இழுக்கும் பாரத்தோடு ஒவ்வொரு உருண்டையும் அந்தப் பள்ளத்தில் விழுந்து எழும்போது தட்டுகிறது. ஆகவே இந்தச் சத்தத்துக்கு நான்கு அடையாளம் சேர்ந்து இருக்கும்: வளைவில் வரும், வளைவில் ஆக்சிலேட்டர் கொடுத்தால் கூடும், காலை எடுத்தால் தணியும், சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பலமுறை தட்டும். டயர் பட்டையில் செருகிய ஜல்லியோ ஆணியோ என்றால் சுற்றுக்கு ஒரே தட்டுத்தான், நேர்ச்சாலையிலும் விடாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியே இல்லை. களத்துமேடு போன்ற திறந்த இடத்தில் ஸ்டியரிங்கை ஒருபக்கம் முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் போட வேண்டும், பிறகு மறுபக்கம். இடப்பக்கம் வளைக்கும்போது ஓங்கிக் கேட்டால் பெரும்பாலும் வலது ஆக்சிலின் வெளி மூட்டு. இப்போது ‘எங்கே’ என்ற கேள்விக்கு வேளை வந்திருக்கிறது. அந்தச் சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டுப் பாருங்கள், ரிம்மில் கறுப்புக் கிரீஸ் தெறித்திருந்தால் சாட்சி கிடைத்துவிட்டது.

கிரீஸ் தெறிப்பது மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்ததால். கரிசல் பக்கத்தில் அந்த ரப்பருக்கு எதிரிகள் அதிகம். காட்டுப்பாதையின் இருபுறமும் சீமைக்கருவேலம். அதன் முள் டயரையே துளைக்கும். அறுவடை முடிந்த பருவத்தில் உளுந்துச் செடியையும் கம்பங்கதிரையும் தார்ச்சாலையில் பரப்பிவைக்கிறார்கள், போகிற வண்டிச் சக்கரமே தாம்பு ஓட்டிக் கொடுக்கும் என்று. களம் இல்லாத சம்சாரிக்கு வேறு வழி இல்லை, அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்தத் தட்டை ஆக்சிலில் சுற்றிக்கொண்டால் பூட்டை உராய்ந்து அறுக்கும். சிலநேரம் அதுவே தட்டித் தட்டி டக் டக் என்று நம்மை ஏமாற்றும். கிழிசல் வழியே நுழைகிற புழுதி கிரீஸோடு குழைந்து சாணை பிடிக்கும் பசையாகிறது. அதன் பிறகு ஒவ்வொரு கிலோமீட்டரும் எஃகை அரைக்கும் கிலோமீட்டர்தான். பூட்டை மட்டும் மாற்றிப் புது கிரீஸ் வைப்பது சத்தம் தொடங்குவதற்கு முன் பலிக்கும். தட்டத் தொடங்கிய மூட்டில் பள்ளம் நிரம்பாது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் பூட்டின் மடிப்புகளை விரலால் விரித்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஆனி 27

எஞ்சின் கடிகாரத்தின் சத்தங்களைச் சுருக்கமாக முடிக்கலாம். மேலே, லேசாக, தையல் மெஷின் போல வந்தால் டேப்பட் இடைவெளி. அதற்கு முன் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் கேட்டு, சூடேறியதும் மறைந்தால் புகைக்குழாய் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டில் கசிவு இருக்கலாம். உலோகம் விரிந்து இடுக்கை அடைத்துக்கொள்கிறது. கீழே, கனத்து, பாரம் ஏறும்போது இடிக்கிற சத்தம் கனெக்டிங் ராடு பேரிங்குடையது. அதோடு ஓட்டவே கூடாது. சாவி போட்டதும் வேகமாக டிக் டிக் டிக் என்று மட்டும் கேட்டு வண்டி கிளம்பாவிட்டால் பேட்டரியோ, பச்சை பூத்த டெர்மினலோ. ஒரே ஒரு டக் என்றால் செல்ஃப் மோட்டாரை நோக்கிப் போகலாம். வண்டியை நிறுத்திய பிறகு கேட்கும் டிக் டிக் வெறும் சூடு ஆறுகிற உலோகம், அதற்காக யாரும் பணம் செலவழிக்க வேண்டாம்.

நீளமான ஸ்க்ரூட்ரைவரின் நுனியை எஞ்சின் மேல் வைத்துப் பிடியைக் காதில் ஒட்டிக் கேட்கும் மெக்கானிக்கைச் சிலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். 1816இல் பாரிஸில் ரெனே லென்னெக் என்ற மருத்துவர் தாளைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் பிறந்தது அப்படித்தான். இரண்டும் ஒரே வித்தை. பெல்ட்டும் ஃபேனும் சுற்றுகிற இடத்தில் கை போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆடி 1

மறுப்புகளுக்கு இன்று பதில் எழுத வேண்டும். பழைய வண்டி என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும் என்பது முதல் மறுப்பு. உண்மை, ஆனால் பாதி உண்மை. பழைய வண்டிக்குப் பழகிய சத்தங்கள் உண்டு, அவற்றை விட்டுவிடலாம். போன மாதம் இல்லாமல் இந்த மாதம் வந்த சத்தத்துக்கு வயது காரணம் ஆகாது. வயது ஒரே நாளில் வருவதில்லை, கிழிசல் ஒரே நாளில் வரும்.

இரண்டாவது, சந்தேகப்பட்ட எல்லாவற்றையும் ஒருசேர மாற்றிவிட்டால் தொல்லை தீருமே என்பது. கோவில்பட்டிக்கு வண்டியை ஒருமுறை கொண்டுபோய் வருவதே ஒருநாள் பொழப்பைத் தின்கிறது என்பதால் இதில் நியாயம் இருக்கிறது. ஒரு பக்கத்தைக் கழற்றும்போது பக்கத்திலேயே தேய்ந்திருப்பதையும் சேர்த்து மாற்றுவதை நானும் ஆதரிக்கிறேன். கண்டுபிடிக்காமல் மாற்றுவதைத்தான் எதிர்க்கிறேன். நன்றாக இருந்த கம்பெனி ஆக்சிலை எடுத்துவிட்டுத் தரம் தெரியாத டூப்ளிகேட்டைப் போட்டால், இருந்த சத்தத்தோடு இன்னொன்றும் சேரும். அப்போது எது பழையது, எது புதியது என்று பிரிக்கும் கணக்கும் கெட்டுப்போகிறது.

ஸ்கேனர் மாட்டினால் தெரிந்துவிடாதா என்கிறார்கள் இளையவர்கள். சென்சார் எதை அளக்கிறதோ அதைத்தான் ஸ்கேனர் படிக்கும். தேய்ந்த உருண்டைக்கும் தளர்ந்த புஷ்ஷுக்கும் சென்சார் இல்லை. கார்புரேட்டர் வைத்த 800இல் அதை மாட்டவே இடம் இல்லை.

கனமான மறுப்பு நான்காவது: இதெல்லாம் மெக்கானிக்கின் வேலை, சொந்தக்காரருக்கு எதற்கு? பாகத்தைக் கழற்றுவது அவர் வேலைதான். ஆனால் அவர் ஓட்டிப் பார்ப்பது பத்து நிமிடம், அதுவும் சூடேறிய எஞ்சினோடு, பட்டறை இருக்கும் தெருவில். காலைக் குளிரில், ஐந்து பேர் பாரத்தோடு, எட்டயபுரம் போகும் வளைவில் கேட்ட சத்தம் அங்கே கேட்காமல் போகலாம். சத்தத்தோடு நாள் முழுக்க இருப்பவர் சொந்தக்காரர். ‘எப்போது’ என்பதற்குச் சாட்சி சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். ‘முன்னாடி ஏதோ சத்தம் வருதுண்ணே’ என்பதற்கும், ‘வலப்பக்கம் ஒடிச்சு ஆக்சிலேட்டர் குடுத்தா மட்டும் வருதுண்ணே, நேரா போனா இல்ல’ என்பதற்கும் இடையே ஒருநாள் கூலியும் ஒரு வேண்டாத பாகத்தின் விலையும் இருக்கின்றன.

ஆடி 3

ஒன்றை விட்டுவிட்டேன், அதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். பஞ்சர் பார்த்தோ வேறு வேலைக்காகவோ சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு புதிதாக டக் டக் கேட்டால் மேலே எழுதிய எந்தச் சோதனையும் வேண்டாம். சக்கர நட்டு தளர்ந்திருக்கலாம். தளர்ந்த நட்டில் ஓடும் ரிம் போல்ட்டை அறுத்துவிடும், சக்கரம் கழன்று ஓடும். அடுத்த ஊர் நாலே கிலோமீட்டர்தான் என்று போகாதீர்கள். ஓரமாக நிறுத்தி, ஸ்பானரை எடுத்து, நாலு நட்டையும் முடுக்கிப் பாருங்கள்.