வலி மாத்திரையும் நம் வீட்டின் 12 வாரங்களும்



இதை எழுதலாமா, வேண்டாமா என்று நீண்ட நாள் தயங்கினோம். சகோதரனின் குறையை மறைப்பது மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த பண்பு. ஆனால் தம்பியே, "எழுதுங்க காக்கா, என் பேரு மட்டும் வேணாம். நம்ம செஞ்ச தப்பை இன்னொரு வீட்டுல செய்ய வேணாம்" என்று சொன்ன பிறகு, மறைப்பதைக் காட்டிலும் சொல்வதில் நன்மை அதிகம் என்று உள்ளம் அமைதியடைந்தது.

நாம் கடலோர ஊர் ஒன்றின் மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வருகிறோம். தம்பி பெயிண்டர். மூன்றாண்டுகளுக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது 10 நாட்களுக்கென எழுதித்தந்த மருந்துகளில் டிரமடாலும் ஒன்று. சீட்டில் இருந்தது 10 நாள். தம்பி விழுங்கியதோ இரண்டாண்டுகளுக்கும் மேல்.

டிரமடால் ஓபியாய்டு வகை மருந்து. அபினும் மார்ஃபினும் மூளையில் எங்கே வேலை செய்கின்றனவோ, அங்கேயே இதுவும் வேலை செய்கிறது. 2018 ஏப்ரலில் மத்திய அரசு இதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. இவையெல்லாம் பின்னர் அறிந்தவை. அன்று நமக்கு அது வெறும் வலி மாத்திரை. சீட்டில்லாமல் கொடுக்கும் கடை ஒன்றில், அட்டையில் அச்சிட்ட விலையைப்போல் மூன்று மடங்கு கொடுத்து அவர் வாங்கிக்கொண்டிருந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது.

தெரியவந்தது மதரஸா டப்பாவினால். பிள்ளைகளின் மாதக் கட்டணத்தைச் சேர்த்துவைத்திருந்த டப்பாவில் 1,200 ரூபாய் குறைந்திருந்தது. அது அமானத். கேட்டதும் தம்பி மறுக்கவில்லை, தலைகுனிந்து நின்றார். தலையணை உறையினுள்ளிருந்து நான்கு அட்டைகளை எடுத்துக் கொடுத்தார். நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் கேப்சூல் ஆறு என்றார்.

அன்றிரவு நாம் செய்ததைச் சொல்ல இன்றும் வெட்கமாக இருக்கிறது. நான்கு அட்டைகளையும் பிரித்துக் கழிவறையில் கொட்டினோம். "தவ்பா செய், இரண்டு ரக்அத் தொழு, இனி தொடாதே. ஈமான் இருந்தால் முடியும்" என்றோம். உம்மா அழுதார்கள். நாம் பெரிய காரியம் செய்துவிட்டதாக எண்ணிக்கொண்டு உறங்கப் போனோம்.

மறுநாள் மாலை தம்பிக்கு ஓயாத கொட்டாவி; கண்ணிலும் மூக்கிலும் நீர். ஜலதோஷம் என்று நினைத்தோம். இரவானதும் மேனியெல்லாம் புல்லரித்து வியர்வை கொட்டியது. கால்களை ஓரிடத்தில் வைக்க இயலாமல் உதைத்துக்கொண்டேயிருந்தார். வயிற்றுப் பிசைவும் பேதியும் வாந்தியும் தொடர்ந்தன. மூன்றாம் நாள் குடித்த தண்ணீரும் தங்கவில்லை. உதடு வெடித்துக் கண்கள் உள்வாங்கிக் கிடந்தவர், ஃபஜ்ர் நேரத்தில் நம் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "காக்கா, எனக்கு ஈமானே இல்லையா?"

இருபதாண்டுகளாக ஓதிக்கொடுக்கிறோம். அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியை அவர் வாயில் வைத்தவர்களே நாம்தாம்.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் மாவட்ட அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறார். அவர் சொன்னதன் பேரில் ஆட்டோ வைத்துக் கொண்டு போனோம். குளுக்கோஸ் ஏற்றிய பின் மனநலப் பிரிவு மருத்துவரம்மா நம்மை உட்கார வைத்துப் பேசினார். இது ஈமானின் பலவீனம் அன்று, உடம்பு மருந்துக்குப் பழகிப்போனதன் விளைவு என்றார். பழகிய உடம்பிலிருந்து மருந்தைத் திடீரென்று பறித்தால் அது இப்படித்தான் துடிக்கும். வாந்தி, பேதியால் நீர் வற்றுவது பேராபத்து. கர்ப்பிணிகளுக்கும் இதயநோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம். "சாரத்துலேர்ந்து விழுந்தவரை நீங்க இன்னொரு தடவை தள்ளி விட்டிருக்கீங்க. படி வச்சு இறக்கியிருக்கணும்" என்றார். நமக்குச் சுருக்கென்றது. உண்மை அதுதான்.

அவர் வகுத்துத் தந்த படிகள் இவை: ஆறு கேப்சூல் ஐந்தாகும், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்றாகக் குறையும். மொத்தம் 10 வாரம். இது தம்பியின் உடல்நிலையைப் பார்த்து அவருக்கென எழுதியது. இதைப் பார்த்து வேறெவரும் தாமாகக் குறைத்துக்கொள்ள வேண்டாம். சிலருக்கு வேறு மருந்து கொடுத்து இறக்குவார்கள். சிலரை மருத்துவமனையில் சேர்த்துத்தான் இறக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் மருந்துக்கும் பரிசோதனைக்கும் நமக்குச் செலவில்லை. பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும்தான் செலவு.

கேப்சூல்கள் நம் மனைவியின் பொறுப்பில் அலமாரியில் பூட்டப்பட்டன. அன்றாடக் கணக்கு மட்டும் தம்பியின் கைக்கு வரும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அது தீர்ந்த நாட்களில் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டியைத் தலைதட்டி அளந்து, கலந்து கொடுத்தோம். இளநீருக்கு வசதியில்லை, கஞ்சியும் நீர்மோரும் போதுமாயிருந்தன. கால் குடைச்சலுக்கு உம்மா வெந்நீர் ஊற்றி எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். இடுப்பு வலிக்கு மருத்துவர் பாரசிட்டமாலும் பிசியோதெரபிப் பயிற்சியும் சொல்லியிருந்தார். தூக்க மாத்திரை எதையும் கேட்காமல் தரக்கூடாது என்று எச்சரித்திருந்தார். இவ்வகை மருந்தோடு சேர்ந்தால் அது மூச்சையே அடக்கிவிடக்கூடும்.

ஒவ்வொரு படி குறையும்போதும் முதல் நான்கைந்து இரவுகள் கடினம். உறக்கம் வராமல் தம்பி எழுந்து உட்கார்ந்தால் நாமும் எழுந்து உட்கார்ந்தோம். சந்தில் இருவரும் மெல்ல நடப்போம். பேச ஒன்றுமில்லாதபோது திக்ர் செய்தபடி நடப்போம். தஹஜ்ஜுத் வேளை வரும்வரை விழித்திருந்த இரவுகள் நம் வாழ்வில் அதற்கு முன் அதிகமில்லை.

தொழுகை அவருக்குப் பெரும் சங்கடமாயிருந்தது. "இந்த ஒடம்போட எப்படி நிக்கிறது?" என்பார். நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழலாம், அதுவும் இயலாதவர் படுத்துத் தொழலாம் என்பதை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்கிறோம். சொந்தத் தம்பியிடம் சொல்லத் தாமதித்திருக்கிறோம். அன்றிலிருந்து அவர் பாயில் அமர்ந்து தொழுதார். நாம் பக்கத்தில் நின்றோம்.

"போதை மாத்திரையை வீட்டில் வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறீர்களே, ஹஜ்ரத், இது ஆகுமா?" என்று நெருங்கிய உறவினர் ஒருவர் கேட்டார். நோய்க்கு மருத்துவம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். நம்பகமான மருத்துவர் அளந்து கொடுப்பதை, விட்டுவிடும் நிய்யத்தோடு உண்பது போதையைத் தொடர்வதாகாது. அதிலிருந்து வெளியேறும் வழியாகும் என்றோம்.

ஏழாம் வாரத்தில் ஒருநாள் அஸருக்குப் பின் தம்பி வந்து நம்முன் ஓர் அட்டையை வைத்தார். பழைய கடையில் வாங்கியது. இரண்டு கேப்சூல் குறைந்திருந்தது. முதல் நாளிரவு போலக் கத்தியிருந்தால் அடுத்த அட்டை நம் கண்ணுக்கே வந்திருக்காது. அல்ஹம்துலில்லாஹ், நாவை அடக்கிக்கொண்டோம். மறுநாள் மருத்துவரிடம் சொன்னபோது, கொண்டுவந்து கொடுத்ததே குணமாவதன் அடையாளம் என்றார். கூடவே ஒன்றை அழுத்திச் சொன்னார்: அளவு குறைந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது, ஆறும் எட்டும் ஒரேயடியாக விழுங்கினால் உயிர் போகலாம். கடைசி இரண்டு படிகளையும் மும்மூன்று வாரமாக நீட்டினார். 10 வாரம் 12 ஆயிற்று. கடைசிக் கேப்சூலுக்குப் பிறகும் உறக்கமின்மையும் மனச்சோர்வும் சில வாரங்கள் இருந்தன. இன்று இல்லை.

நம் ஜமாஅத்தார்களுக்கு ஒரு வேண்டுகோள். இதய அறுவைக்கு என்றால் ஜும்ஆவுக்குப் பின் வாசலில் துண்டை விரிக்கிறோம். இதற்கு விரிக்க முடியுமா? பெயரைச் சொன்ன கணமே அந்த வீட்டுப் பெண்பிள்ளையின் சம்பந்தம் நின்றுவிடும் என்று உம்மாமார்கள் அஞ்சுகிறார்கள். நமக்கும் ஒரே ஒருவர்தாம் உதவினார். மாதந்தோறும் பேருந்துச் செலவை உறையிலிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துச் சென்றார். பைத்துல்மாலில் இப்படிப் பெயர் சொல்லாமல் கேட்கவும் ஒரு வழி இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் இத்தகைய மாத்திரை மாதக்கணக்கில் ஓடுகிறதென்றால், அட்டையைக் கொட்டிவிடாதீர்கள். அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

டப்பாவில் குறைந்த 1,200 ரூபாயை அன்றே நம் சம்பளத்திலிருந்து வைத்துவிட்டோம். தம்பி மீண்டும் வேலைக்குப் போகிறார். சாரம் ஏறுவதில்லை, கீழ்ச்சுவர் மட்டும். முதல் வாரக் கூலியில் 1,200 ரூபாயை எண்ணி நம் கையில் வைத்தார். வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தோம். அவர் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டோம்.

நோயுற்றோர் யாவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக. நோயாளியை நோயாளியாகவே பார்க்கும் கண்ணை நமக்குத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.